கைட்சா குப்புறப் படுத்திருந்த மழைக்காலம்

புதாதிரி சந்தைப் பக்கம் ஒரு பெண் தலை பின்னாமல் போகிறாள் என்றால், ஒன்று மொட்டையடித்திருப்பாள், அல்லது கைட்சாவோடு சண்டை போட்டிருப்பாள். சண்டை போடுவதும் சுலபமில்லை. கைட்சாவின் விரல்கள் தலைக்குள் இருக்கும்போது யாருக்கும் எதிர்த்துப் பேசத் தைரியம் வராது. ஒரு இழு இழுத்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

ம்பாலே சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த பிறகு இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்ச்சி இல்லை. சக்கர நாற்காலியில் திரும்பி வந்து அதே கடையில் அதே சீப்பை எடுத்தாள். கிறிஸ்துமஸ் நேரத்தில் மலைமேலிருந்து எல்லாரும் இறங்கி வருவார்கள், எல்லாத் தலைக்கும் பின்னல் வேண்டும். அவள் காலையில் உட்கார்ந்தால் இருட்டும் வரை அசையமாட்டாள். மரத்துப்போன உடம்பு வலி என்று ஒன்றைச் சொல்லவேயில்லை. கணவன் மசாபா அவளைக் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தான். வால் எலும்புக்கு மேலே ஒரு அவித்த முட்டை அளவுக்குப் புண்.

மலையடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் செருவங்கா புண்ணைச் சுத்தம் செய்து, பக்கத்திலிருந்த நல்ல சதையை நகர்த்தி மூடித் தைத்தார். தைத்து முடித்ததும் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"தையல் சேர்ற வரைக்கும் குப்புறப் படுக்கணும். மல்லாக்கக் கூடாது, உக்காரக் கூடாது. இது பிரிஞ்சா மறுபடி மூட அங்க சதை இல்ல. அப்புறம் உக்காந்து வேலை பாக்குறதயே மறந்துடணும்."

"குப்புறன்னா எத்தனை நாள், டாக்டர்?"

"புண்ணு சொல்ற வரைக்கும்."

அதற்காகவே வார்டில் ஒரு காற்று மெத்தை இருந்தது. ஆஸ்பத்திரிக்கே அது ஒன்றுதான். பச்சை நிறம், குறுக்கே வரிவரியாகக் காற்றுக் குழாய்கள். கால்மாட்டில் தொங்கும் பம்ப் முனகிக்கொண்டே ஒரு குழாயை நிரப்பும், அடுத்ததைத் தளர்த்தும். உடம்பில் எந்த இடமும் தொடர்ந்து அழுந்திக்கொண்டு இருக்காது. முகத்துக்கு ஒரு குழி, நெற்றிக்கும் தாடைக்கும் மெத்தென்ற விளிம்பு, மார்புக்குத் தனியாக ஒரு தளர்ந்த பகுதி. முட்டிக்குக் கீழே பள்ளம், பாதம் மெத்தைக்கு வெளியே. அது பெருமூச்சு விடுவதைப் பார்த்து வார்டில் யாரோ அதற்கு முதலை என்று பேர் வைத்துவிட்டார்கள். சிஸ்டர் நபிஃபோ காலையும் மாலையும் அவள் இடுப்புக்கடியில் கையை நுழைத்துப் பார்ப்பார். கை தாராளமாகப் போனால் முதலை நன்றாக மூச்சு விடுகிறது என்று அர்த்தம்.

முதலில் கைட்சா புலம்பித் தள்ளினாள். முகக்குழி வழியாக அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சிமெண்ட் தரையும் மனிதப் பாதங்களும்தான். கொஞ்ச நாளில் செருப்பைப் பார்த்தே ஆளைச் சொன்னாள்.

"சிஸ்டர், ஒங்க வலது காலு ஷூ வாயத் தொறந்துருக்கு. பசிக்குதாம், எதாவது குடுங்க."

துணைக்கு வந்திருந்தவள் நாத்தனார் நெவும்பே. ஒரு பிற்பகல் அவள் களைத்துப்போய்க் கட்டில் தலைமாட்டில் தரையில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் தலை சரியாகக் கைட்சாவின் கைகளுக்கு நடுவே வந்து நின்றது. கைட்சாவின் கை தானாகவே பழைய பின்னலைப் பிரிக்கத் தொடங்கிவிட்டது.

"ஏய், என்ன பண்ற?"

"பேசாம இரு. இந்தத் தலையோட நீ வார்டுல சுத்துறது எனக்குத்தான் கேவலம்."

மறுநாள் தலைமாட்டில் வரிசை நின்றது. துணைக்கு வந்த பெண்கள், சமையல்காரி, இரண்டு நர்ஸுகள். சவுரி முடியை அவரவர் வாங்கி வந்தார்கள். கூலியாக அவகாடோவும் சுட்ட சோளமும் நிலக்கடலையும் வந்து சேர்ந்தன, வார்டே தின்றது. வேலை செய்யும்போது அவள் கல்லாகக் கிடப்பாள், கை மட்டும்தான் ஓடும். டாக்டரும் ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு சந்தோஷமாகக் குப்புறப் படுத்திருக்கும் நோயாளியை அவர் பார்த்ததேயில்லை.

ஆனால் ஒரு திங்கட்கிழமை கட்டைப் பிரித்தபோது அவர் முகம் மாறியது. தையலின் ஒரு ஓரம் விட்டிருந்தது. அந்த வாரத்தில் அது ஆறத் தொடங்கி, அடுத்த திங்கட்கிழமை மறுபடி விட்டது.

"எதோ இழுத்திருக்கு. மெத்தையில காத்து எறங்குதா?"

சிஸ்டர் நபிஃபோவின் பார்வை கைட்சாவின் வால் சீப்பின் மேல் விழுந்தது. கூரான இரும்பு வால். பக்கத்திலேயே சவுரி தைக்கும் வளைந்த ஊசி.

"குத்திட்டியா?"

"என் முதலைய நான் குத்துவேனா, சிஸ்டர்?"

சீப்பும் ஊசியும் அலமாரிக்குப் போய்ப் பூட்டு விழுந்தது. கைட்சாவைப் பக்கத்துக் கட்டிலுக்கு அப்படியே குப்புற மாற்றிவிட்டு, மெத்தை முழுக்கச் சோப்பு நுரை தடவினார்கள். வரிவரியாகக் குனிந்து பார்த்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை.

"பாத்தீங்களா? என் முதலை நல்ல முதலை" என்றாள் கைட்சா. குரலில் வழக்கமான துள்ளல் இல்லை. தையல் விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும்.

பின்னல் நின்றும் அடுத்த திங்கட்கிழமை அதே ஓரம் மறுபடி விட்டிருந்தது. டாக்டர் கையுறையைக் கழற்றினார். "இன்னும் ஒரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

சனிக்கிழமை வரை ஒட்டியிருப்பது திங்கட்கிழமை விட்டிருக்கிறது என்றால் நடப்பது ஞாயிற்றுக்கிழமை. சிஸ்டர் நபிஃபோ தன் விடுமுறை ஞாயிறன்று சீருடை இல்லாமல் வந்து, வார்டுக் கோடியில் ஒரு திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

பார்வையாளர் நேரம் தொடங்கியது. ஜன்னலோரம் நின்ற நெவும்பே திடீரென்று கத்தினாள்.

"பாபா வர்றாரு!"

பாபா என்றால் வெபுகுலு பெரியவர், மசாபாவின் அப்பா, கைட்சாவின் மாமனார். மலைமேல் காப்பித் தோட்டம். ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சில் பூசை முடிந்ததும் தொப்பியும் கோட்டுமாக, நிலக்கடலைக் குழம்பில் வெந்த மூங்கில் குருத்தைத் தூக்குப்பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு மருமகளைப் பார்க்க இறங்கி வருவார்.

அவர் பெயரைக் கேட்டதும் பக்கத்துக் கட்டில்களிலிருந்து மூன்று பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி தோள், ஒருத்தி இடுப்பு, ஒருத்தி கால். தோசையைத் திருப்புவதுபோல் கைட்சாவை ஒரே வீச்சில் மல்லாக்கத் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, கழுத்து வரை துணியால் மூடி, தலைக்கு முக்காடும் போட்டுவிட்டார்கள். பெரியவர் நுழையும்போது அவள் கண்ணைத் தாழ்த்தி, மண்டியிட முடியாத குறையை முகத்திலேயே காட்டியபடி வணக்கம் சொன்னாள். பெரியவர் சுவரைப் பார்த்துக்கொண்டே நலம் விசாரித்தார். பாத்திரத்தை நெவும்பேயிடம் கொடுத்தார், கொஞ்ச நேரம் உட்கார்ந்தார், போய்விட்டார். தோசை மறுபடி திருப்பப்பட்டது.

சிஸ்டர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். மூன்று பெண்களும் உறைந்து நின்றார்கள்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையுமா?"

முகக்குழிக்குள்ளிருந்து கைட்சாவின் குரல் வந்தது.

"சிஸ்டர், ஒங்க மாமனார் வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? பின்பக்கத்த மேல தூக்கிக் காட்டிக்கிட்டே நல்லாருக்கீங்களான்னு கேப்பீங்களா?"

சிஸ்டர் நபிஃபோவுக்கும் மாமனார் உண்டு. பாதையில் அவர் எதிரே வந்தால் சிஸ்டர் இன்றைக்கும் வாழைத்தோப்புக்குள் ஒதுங்கித்தான் நிற்பார். ஞாயிறுதோறும் கைட்சாவைத் திருப்புவது வார்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மரியாதை செய்வதைப் போய் டாக்டரிடம் புகாராகச் சொல்லலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் விஷயம் தெரிந்ததும் டாக்டர் செருவங்கா தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் கம்பாலாப் பக்கத்துக்காரர். அவருடைய மாமியார் அவரோடு கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார்.

"வர வேண்டாம்னு பெரியவர் கிட்ட சொல்லிடலாமா?"

"சொன்னா மருமகள் மேல என்ன கோபம்னு ஊரே கேக்கும், டாக்டர்."

"அப்ப காரணத்தைச் சொல்லணும்."

"மருமகளோட பின்பக்கத்தப் பத்தி அவர்கிட்ட யார் பேசுறது? நீங்க பேசுறீங்களா?"

"எனக்கு ஆப்பரேஷன் இருக்கு" என்று டாக்டர் நழுவினார்.

மாவு மில்லில் வேலை பார்க்கும் மசாபாவைக் கேட்டார்கள். மாவு படிந்த புருவத்தை உயர்த்தி, "எங்கப்பா கிட்டயா? மில்லுல என் கைய விடச் சொல்லுங்க, விடுறேன்" என்றான். கடைசியில் பொறுப்பு சிஸ்டர் தலையில்தான் விழுந்தது. அவர் மலையேறிப் போய், காப்பி காயவைத்துக்கொண்டிருந்த பெரியவருக்கு முன்னால் மண்டியிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு மெத்தையைப் பற்றி மட்டும் பேசினார்.

"பாபா, அந்த மெத்தை ஒரு மாதிரி. அதுல படுத்தா முகம் தரையப் பாத்துத்தான் இருக்கணும். பிஷப்பே வந்தாலும் திரும்பக் கூடாது. திரும்புனா தையல் பிரிஞ்சிடும்."

பெரியவர் காப்பிக்கொட்டையைக் கிளறுவதை நிறுத்தினார்.

"நான் போறப்பல்லாம் அவ மல்லாக்கத்தான படுத்திருந்தா?"

சிஸ்டர் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார். பெரியவருக்கு அது போதும். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார், வீட்டுக்குள் போய்விட்டார்.

அந்த ஞாயிறு பார்வையாளர் நேரம் தொடங்கி வெகு நேரம் ஆகியும் அவர் வரவில்லை. "கோவிச்சுக்கிட்டாரு" என்றாள் கைட்சா. தையல் பிழைத்தாலும் மாமனாரை இழந்துவிட்டோம் என்று நினைத்தாள். நெவும்பே தேற்றப் போனபோது வெளியே வராந்தாவில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிப்பு நெருங்கி வந்தது.

வாசலில் முதலில் தெரிந்தது ஒரு கோட்டின் முதுகு. பிறகு தொப்பியின் பின்பக்கம். வெபுகுலு பெரியவர் பின்னோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். கைத்தடியால் பின்னால் துழாவி, கட்டில் காலைத் தட்டி, ஒவ்வொரு அடியாக வைத்தார்.

"பாபா, எடது பக்கம்! வாளி இருக்கு!" என்று ஒருத்தி கத்தினாள்.

"எந்த எடது? என் எடதா, ஒன் எடதா?"

வாளி உருண்டது. வார்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நெவும்பே ஸ்டூலை நகர்த்திப் போட, அவர் வாசலைப் பார்த்தபடி, கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"மருமகளே, இருக்கியா?"

"இருக்கேன், பாபா." குழிக்குள்ளிருந்து சின்னக் குரல்.

"நீ தரையப் பாரு. நான் கதவப் பாக்குறேன். யாரும் யாரையும் பாக்கல. மரியாத அப்படியேதான் இருக்கு. சரிதானா?"

"சரிதான், பாபா."

"அப்ப திரும்பாத. திரும்புனா நான் வரமாட்டேன்."

இத்தனை வருடங்களில் அவர்கள் இருவரும் நலம் விசாரித்ததற்கு மேல் பேசியதில்லை. முகம் தெரியாததால் அன்றைக்குப் பேச்சு வந்துவிட்டது. பெரியவர் முதலில் கேட்டது தன் மகனைப் பற்றித்தான்.

"என் பையன் வீட்டுல பிள்ளைங்களுக்கு என்ன சமைக்கிறான்? உண்மையச் சொல்லு."

"பீன்ஸ், பாபா."

"வெந்த பீன்ஸா?"

"பல்லு இருக்கறவங்களுக்கு அது வெந்ததுதான்."

பெரியவர் சிரித்ததில் ஸ்டூல் ஆடியது. மாமனார் சிரித்து அவள் கேட்டது அதுவே முதல் தடவை. பார்வையாளர் நேரம் முடிந்ததாக மணி அடித்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் தையல் அசையாமல் இருந்தது. அடுத்த திங்கட்கிழமையும் அப்படியே. வால் சீப்பு அலமாரியிலிருந்து வெளியே வந்தது, தலைமாட்டு வரிசையும் திரும்பி வந்தது. ஞாயிறுதோறும் பெரியவர் பின்னோக்கி நடந்து வருவதைப் பார்க்கப் பக்கத்து வார்டுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இடது வலது சொல்வதற்கே இரண்டு கட்சி உண்டானது.

மழை ஓயும் சமயத்தில் டாக்டர் கட்டைப் பிரித்து, விரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்து, கடைசித் தையலையும் எடுத்தார்.

"மூடிடுச்சு" என்றார். "இனி கொஞ்சம் கொஞ்சமா உக்காரலாம். முதல்ல ஒரு கப் டீ குடிக்கிற நேரம், அவ்வளவுதான். மிச்ச நேரம் குப்புறத்தான்."

அந்த ஞாயிறு அவளை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கைட்சா தலை நிமிர்ந்து எல்லார் முகத்தையும் பார்த்தாள். செருப்பால் மட்டுமே தெரிந்த ஒருத்தியைக் காட்டி, "நீயா அந்த மஞ்சள் செருப்பு? கிழவின்னு நினைச்சேன்" என்றாள். வராந்தாவில் கைத்தடிச் சத்தம் கேட்டது.

"பாபா, இனிமே நேரா வரலாம்! நான் உக்காந்துட்டேன்!"

சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு வழக்கம்போல் கோட்டின் முதுகுதான் வாசலில் தெரிந்தது.

"நேரா வந்தா ஒன் முகத்தப் பாக்க வேண்டி வரும். பாத்தா எனக்குப் பேச்சு வராது. நாற்காலியத் திருப்பிக்க."

நெவும்பே நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். இருவரும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள்.

"பாபா, ஒண்ணு கேக்கணும்" என்றாள் கைட்சா. "கடையில நாள் முழுக்க உக்காந்தா மறுபடி புண்ணு வரும். காலையில உக்காந்து பின்னலாம், மத்தியானம் குப்புறப் படுத்துப் பின்னலாம்னு பாக்குறேன். ஒசரமா ஒரு கட்டில் வேணும். ஒங்க தோட்டத்துல யூகலிப்டஸ் இருக்குல்ல?"

"இருக்கு. நானே அறுக்குறேன். என் இடுப்பு ஒசரம் போதுமா?"

"ஒங்க இடுப்பு ஒசரத்துக்கு நான் ஏணி வச்சுப் பின்னணுமா? வர்றவங்க தரையில உக்காந்தா தல என் கைக்கு எட்டணும்."

"அப்ப முட்டி ஒசரம்."

"முட்டி ஒசரம்னா என் கை தரைய இடிக்கும், பாபா!"

"நேரமாச்சு" என்றார் சிஸ்டர் நபிஃபோ. டீ ஆறிக் கிடந்தது. பெண்கள் வந்து அவளைத் தூக்கி முதலையின் மேல் குப்புறப் படுக்கவைத்தார்கள். பம்ப் முனகியது. பெரியவர் அசையாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படுத்தாச்சா?"

"படுத்தாச்சு, பாபா."

"சரி. இடுப்புக்கும் முட்டிக்கும் நடுவுல, தொடை ஒசரம் வச்சுக்கலாம். சொல்லு, யாரோட தொடை? என்னுதா, மசாபாவோடதா?"