எங்கள் பேஸ்பால் சீசனும் சோமனூர் பிரவீனும்

1. நட்புப் போட்டி

ஹெல்மெட்டில் பந்து பட்டால் 'டொக்' என்று கேட்கும். அன்று அந்தச் சத்தம் வரவில்லை. அதனால்தான் ஸ்கோர் மேஜையை விட்டு எழுந்து ஓடினேன்.

சீசன் தொடங்குவதற்கு முன்னால் எங்கள் கல்லூரி மைதானத்தில் நடந்த நட்புப் போட்டி அது. கோவைப் பக்கமிருந்து ஒரு கல்லூரி அணி வந்திருந்தது. எங்கள் பிட்ச்சர் ஜெபராஜ் வீசிய பந்து வியர்வையில் வழுக்கி, பேட் பிடித்து நின்ற பையனின் இடது கன்னத்தில் பட்டுவிட்டது. ஹெல்மெட் தலையையும் காதையும் மறைக்கும், முகத்தை மறைக்காது. பையன், பேட் பிடிப்பவன் நிற்கும் இடமான ஹோம் பேஸுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். கன்னம் கண்முன்னே வீங்கியது. பெயர் பிரவீன், ஊர் சோமனூர் என்று அவனே சொன்னான். நினைவு தப்பவில்லை என்பதே பெரிய ஆறுதல்.

நான் அந்தக் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்தேன். பையன்களுக்கு 'பி.டி. மேடம்'. சாத்தூர்ப் பக்கம் பிறந்து, பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூருக்கு வந்த குடும்பம் எங்களுடையது. நான் ஆடியது வாலிபால். பேஸ்பாலைப் பல்கலைக்கழகப் பயிற்சி முகாம் ஒன்றில் கற்றுக்கொண்டு வந்து, கிரிக்கெட் டீமில் இடம் கிடைக்காத பையன்களை வைத்துத் தொடங்கினேன். பிற கல்லூரிக்காரர்கள் வந்தால், "டீமுக்கு பி.டி. சார் எங்கீங்க?" என்று என்னிடமே கேட்பார்கள்.

திருப்பூரில் ஒரு டீமுக்கு ஜெர்சிப் பஞ்சம் வராது. யாராவது ஒருவனுடைய அப்பாவோ மாமாவோ தைத்துக் கொடுத்துவிடுவார். பந்துக்கும் கிளவ்ஸுக்கும்தான் அலைய வேண்டும். பாதிப் பையன்கள் கல்லூரி முடிந்து ஏதாவது ஒரு பனியன் யூனிட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள். தைத்து வந்த துணியில் பிழை பார்க்கும் செக்கிங் பிரிவில் ஜெபராஜ் இருந்தான். அவனுடைய அப்பா திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த டெய்லர். உயரமான, அதிகம் பேசாத பையன். அவன் வீசும் வேகத்தில் எங்கள் பக்கத்தில் வேறு எவனும் வீசியதில்லை. அந்த ஆண்டு கோப்பை எங்களுக்குத்தான் என்று நான் நம்பியது அவன் கையை வைத்துத்தான்.

மருத்துவமனைக்கு அவனும் வந்தான். நான் கூப்பிடவில்லை, ஆம்புலன்ஸுக்குப் பின்னால் யாரோ ஒருவனின் பைக்கில் தொற்றிக்கொண்டு வந்துவிட்டான். கன்னத்து எலும்பில் விரிசல், ஆபரேஷன் செய்து சிறு தகடு வைக்க வேண்டும், கண்ணுக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னார். பிரவீனின் அம்மா தறிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"எவன் போட்டதுங்க பந்து?" என்றார்.

ஜெபராஜ் முன்னால் போய் நின்றான். "நாந்தாம்மா."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எம்பையன் மூஞ்சியப் பாரு. போயி நல்லாப் பாரு" என்றார். திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

2. முதல்வர் அறை

மறுநாள் முதல்வர் கூப்பிட்டார். நல்ல மனிதர். கோபப்பட்டுப் பேசத் தெரியாதவர்.

"மேடம், வாலிபால் இருக்குது, கபடி இருக்குது. கிரிக்கெட்டுக்குச் சொல்லவே வேண்டாம். இதை இத்தோட நிறுத்திக்கலாமுங்களா? நாளைக்கு இன்னொரு பையனுக்கு ஒண்ணுன்னா பதில் சொல்ல முடியாதுங்க."

அவர் சொன்னதில் தவறில்லை. எனக்கும் இரவு தூக்கம் வந்திருக்கவில்லை. ஆனால் அணியின் கேப்டன் கவின் என்னோடு வந்திருந்தான். மூலனூர்ப் பக்கம் தோட்டமும் திருப்பூரில் சின்ன பனியன் யூனிட்டும் உள்ள வீட்டுப் பையன். பேட் பிடிப்பவனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர்.

"சார், இப்ப நிறுத்துனா ஜெபராஜ் பண்ணது தப்புன்னு ஆயிருமுங்க சார். அவன் காலேஜுக்கே வரமாட்டான். எங்களுக்கு இந்த ஒரு சீசன் மட்டும் குடுங்க" என்றான்.

முதல்வர் என்னைப் பார்த்தார். முகத்துக்குக் கம்பித் தடுப்பு உள்ள ஹெல்மெட் இல்லாமல் இனி ஒரு பையனும் பேட் பிடிக்க மாட்டான், எங்களோடு ஆட வரும் அணிக்கும் நாங்களே அதைக் கொடுப்போம் என்றேன்.

"இந்த சீசன். அதுக்கப்பறம் பேசிக்கலாமுங்க" என்றார்.

கிடைத்தது அவ்வளவுதான்.

3. கை வரமாட்டேங்கு

ஹெல்மெட் வந்தது. டீமும் வந்தது. ஜெபராஜின் பந்துதான் வரவில்லை.

பிட்ச்சர் மேட்டில் ஏறி நிற்பான். கையைத் தூக்குவான். பேட் பிடித்தவன் நிற்பதைப் பார்த்ததும் தோள் இறுகிவிடும். பந்து மூன்றடி வெளியே போகும், அல்லது முன்னாலேயே மண்ணில் குத்தும். ஆள் இல்லாமல் வெறும் கேட்சருக்கு வீசச் சொன்னால் பழைய வேகம் அப்படியே இருந்தது. ஒருவன் வந்து நின்றால் போய்விடும்.

"எனக்கு கை வரமாட்டேங்கு மேடம். போடணும்னுதான் நெனைக்கேன். விடும்போது அந்தப் பையன் மூஞ்சி வந்துருது" என்றான்.

அவனை டீமை விட்டு விலக விடக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது. ரைட் ஃபீல்டில், மைதானத்தின் கடைசி மூலையில் நிறுத்தினேன். அங்கிருந்து வீசினால் எதிரே எவன் முகமும் இருக்காது. பிட்ச்சர் வேலையை முகேஷிடம் கொடுத்தேன். முகேஷின் பெற்றோர் பீகாரிலிருந்து வந்தவர்கள். அவன் படித்ததெல்லாம் இங்கேதான், பேச்சு சுத்தக் கொங்கு. வேகம் கிடையாது. ஆனால் சொன்ன இடத்தில் போடுவான்.

கல்லூரிகளுக்கிடையிலான லீக் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் முகேஷை எல்லோரும் அடித்தார்கள். நாங்கள் அதைவிட அதிகம் அடித்து ஜெயித்தோம். இரண்டாவது ஆட்டம் மழையால் பாதியில் நின்று, மறுநாள் தொடர்ந்து, அதையும் ஜெயித்தோம். பையன்கள் ருசி கண்டுவிட்டார்கள். காலையில் மைதானத்துக்கு நான் போகும் முன்பே கோடு போட்டு வைத்திருப்பார்கள். ஷிப்மென்ட் இருக்கிற வாரத்தில்கூட சூப்பர்வைசரிடம் கெஞ்சி, ஒருவன் வேலையை இன்னொருவன் பார்த்து, முறை வைத்துப் பயிற்சிக்கு வந்தார்கள்.

அரையிறுதியில் ஜெபராஜ் ரைட் ஃபீல்டிலிருந்தே ஆட்டத்தை எங்கள் பக்கம் திருப்பினான். சமன் செய்யும் ரன்னுக்காக எதிரணிப் பையன் மூன்றாம் பேஸிலிருந்து ஓடி வந்துகொண்டிருக்க, கடைசி மூலையிலிருந்து ஜெபராஜ் விட்ட பந்து தரையைத் தொடாமல் கவினின் கிளவ்ஸுக்கு வந்தது. அவுட். ஃபைனலுக்குப் போனோம்.

ஃபைனலில் எதிரே யார் என்று அன்று மாலையே தெரிந்துவிட்டது. பிரவீனின் கல்லூரி.

4. வலைக்குப் பின்னால்

அதற்கு அடுத்த நாள் பயிற்சியின்போது மைதானத்து கேட்டில் ஒரு பையன் நின்றான். கன்னத்தில் தையல் தழும்பு. பிரவீன்தான். ஃபைனலுக்கு முன்னால் எங்கள் ஆட்டத்தை வேவு பார்க்க வந்திருக்கிறான் என்று கவின் முறைத்தான்.

பிரவீன் நேராக என்னிடம் வந்தான். "மேடம், ஜெபராஜ் பந்து போடறதில்லைன்னு கேள்விப்பட்டனுங்க. நெசமுங்களா?"

"உனக்கு ஏன்டா அது?" என்றான் கவின்.

"அவன் போடாம நாங்க ஜெயிச்சா, எனக்கு அடிபட்டதாலதான் ஜெயிச்சோம்னு பேசுவாங்க. எனக்கு அது வேண்டாமுங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னைப் பார்த்தான். "இன்னொண்ணும் இருக்குதுங்க மேடம். பந்து வர்றதப் பாத்தாலே எனக்குக் கண்ணு மூடிக்குது. எங்க கிரவுண்டுல நின்னா பசங்க கண்டுபுடிச்சிருவாங்க. இங்க கொஞ்ச நேரம் நின்னுக்கட்டுமுங்களா? வலைக்குப் பின்னாலதாங்க."

கேட்சருக்குப் பின்னால் பந்தைத் தடுக்க இரட்டை நைலான் வலை கட்டியிருந்தோம். அதற்குப் பின்னால் நிற்பதில் ஆபத்தில்லை. ஆனாலும் அவன் அம்மாவைக் கேட்காமல் நான் சம்மதிக்கவில்லை. போன் செய்தேன். மருத்துவமனையில் பார்த்த முகம் நினைவுக்கு வந்தது.

"ஊட்ல இருந்தா செவுத்தப் பாத்துப் படுத்துக் கெடக்கறானுங்க மேடம். சோறும் எறங்கறதில்ல. அங்க வந்தாச்சும் எந்திரிச்சு நின்னானுங்களே. நிக்கட்டுமுங்க. வலைய மட்டும் நல்லாப் பாத்துக்கங்க" என்றார்.

ஆளில்லாத ஹோம் பேஸ். கவின் குந்தி உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் வலை, வலைக்குப் பின்னால் பிரவீன். ஜெபராஜ் மேட்டில் ஏறினான். பிரவீனைப் பார்த்ததும் இறங்கிவிட்டான்.

"என்னால முடியாது மேடம். அவன அங்கிட்டுப் போகச் சொல்லுங்க."

பிரவீன் நகரவில்லை. "நான் எங்கீயும் போறதில்ல. நீ போடு. வலைலதான் படும்" என்றான்.

ஜெபராஜ் போட்டான். மண்ணில் குத்தியது. அடுத்தது கவினுக்கு எட்டாமல் உயரத்தில் போய் வலையில் அடித்தது. பிரவீன் கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் போனான். ஜெபராஜ் பந்தை விட்டுவிட்டு ஓடி வந்தான்.

"பட்டுச்சா?"

"இல்ல. கண்ண மூடிட்டேன். மறுக்காப் போடு. இந்தவாட்டி மூடக் கூடாது."

நான் ஓரமாக நின்றேன். ஒருவன் போட்டான், இன்னொருவன் நின்றான். வெயில் இறங்கும்வரை அதுதான் நடந்தது. மறுநாளும் பிரவீன் பஸ் ஏறி வந்தான். அதற்கு மறுநாள் அவன் வலையைக் கையால் பிடித்துக்கொண்டு, பந்து வந்து முகத்துக்கு நேரே அடிக்கும்போதும் கண்ணைத் திறந்தே வைத்திருந்தான். அன்று ஜெபராஜ் முதல்முறையாகச் சிரித்தான். ஹெல்மெட் போட்டுக்கொண்டு முகேஷ் பேட் பிடித்து நின்றான். ஜெபராஜின் பந்துகள் வெளிப்பக்கம் சரியாக விழுந்தன. ஆள் நிற்கிற உள்பக்கத்தில் மட்டும் இன்னும் கை போகவில்லை.

ஃபைனலுக்கு முந்தின நாள் கிளம்பும்போது பிரவீன் சொன்னான்: "நாளைக்கு நான் எங்க டீம் பக்கம்தாங்க உக்காந்திருப்பேன். எங்களுக்குத்தான் கை தட்டுவேன்."

"தட்டுலே. நல்லாத் தட்டு" என்றான் ஜெபராஜ்.

5. ஃபைனல்

முகேஷ் அன்று மனம் வைத்து ஆடினான். வேகம் இல்லாத பந்தையே மாற்றி மாற்றிப் போட்டு அவர்களைக் குழப்பினான். கடைசி இன்னிங்ஸ் வரும்போது நாங்கள் இரண்டு ரன் முன்னால் இருந்தோம். அப்போதுதான் அவன் கை ஓய்ந்தது. ஒரு ரன் கொடுத்தான். மூன்று பேர் அவுட்டானால் ஆட்டம் முடியும்; ஒருவன்தான் அவுட் ஆகியிருந்தான். மூன்று பேஸிலும் எதிரணி ஆட்கள் நின்றார்கள். அடுத்தவனுக்கு நான்கு பந்து வெளியே போனாலே இலவசமாக ஒரு ரன் போய் ஆட்டம் சமனாகிவிடும்.

நேரம் கேட்டு மேட்டுக்குப் போனேன். முகேஷே பந்தை என் கையில் வைத்தான். "மேடம், என்னால ஆவாதுங்க. ஜெபராஜைக் கூப்பிடுங்க" என்றான்.

ரைட் ஃபீல்டைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். ஜெபராஜ் ஓடி வந்தான். "முடியுமா?" என்று கேட்டேன். "பாக்கேன் மேடம்" என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பேட் பிடிக்க வந்தவன் அவர்களுடைய கேப்டன். முதல் பந்து வெளியே. இரண்டாவதும் வெளியே. பார்க்க வந்திருந்த எங்கள் முதல்வர் எழுந்து நின்றுவிட்டார். கவின் முகக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனான். என்ன சொன்னான் என்று பிறகு கேட்டேன். "ஒண்ணும் பெருசா இல்லீங்க மேடம். கிளவ்ஸ உள்பக்கம் வெக்கறேன். பந்து எங்க போனாலும் புடிக்கறது எம்பாடு, நீ போடுன்னனுங்க" என்றான்.

ஜெபராஜ் ஒரு கணம் எதிரணி பெஞ்சைப் பார்த்தான். பிரவீன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். கை தட்டவில்லை. முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றி, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது பந்து உள்பக்கம் வந்தது. கேப்டன் பதறி விலகினான். பந்து ஹோம் பேஸின் விளிம்பின்மேல் புகுந்து கவினின் கிளவ்ஸில் அடித்தது. அம்பயர் கையைத் தூக்கினார்: ஸ்ட்ரைக். அடுத்ததும் உள்பக்கமே; கேப்டன் பேட்டை வீசிப் பார்த்தான், படவில்லை. அதற்கடுத்தது வெளிப்பக்கம், அதையும் அடிக்க முடியாமல் விட்டான். மூன்றாவது ஸ்ட்ரைக். அவுட்.

கடைசி ஆள் வந்தான். முதல் பந்தையே தட்டினான். பந்து ஜெபராஜுக்கு நேராக உருண்டு வந்தது. குனிந்து எடுத்தான், திரும்பினான், முதல் பேஸுக்கு எறிந்தான். ஓடியவன் கால் வைக்கும் முன்பு பந்து போய்ச் சேர்ந்துவிட்டது.

எங்கள் கல்லூரிக்கு பேஸ்பாலில் அதுதான் முதல் கோப்பை. பையன்கள் ஜெபராஜையும் முகேஷையும் சேர்த்துத் தூக்கினார்கள். யாரோ என்னையும் தூக்க வந்தார்கள், மிரட்டி விரட்டினேன். முதல்வர் வேர்த்து வழிந்தபடி வந்தார். "அடுத்த வருசத்துக்கு இன்னும் ரெண்டு செட் ஹெல்மெட் சொல்லிருங்க மேடம்" என்றார். 'அதுக்கப்பறம் பேசிக்கலாம்' என்ற பேச்சு அத்துடன் முடிந்தது.

பிரவீன் எங்கள் பக்கம் வரவில்லை. தோற்ற தன் டீமோடு இருந்தான். அதுதான் முறை. பஸ் ஏறும்போது மட்டும் ஜெபராஜைப் பார்த்துத் தலையசைத்தான்.

6. இளைய பி.டி.களுக்கு

சில மாதம் கழித்துப் பல்கலைக்கழக அணிக்கான தேர்வு முகாம். டாக்டர் அனுமதி கொடுத்து பிரவீனும் வந்திருந்தான். தேர்வாளர்கள் ஜெபராஜை மேட்டுக்கு அனுப்பினார்கள், பிரவீனைப் பேட் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். அவர்களுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது.

ஜெபராஜ் முதல் பந்தையே உள்பக்கம் போட்டான், முழு வேகத்தில். பிரவீன் விலகவில்லை. இடுப்பைத் திருப்பி அடித்தான். பந்து லெஃப்ட் ஃபீல்டில் நின்றவன் தலைக்கு மேல் போய் வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. அடி வாங்கிய பிட்ச்சர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இருவரும் தேர்வானார்கள், அந்த ஆண்டு ஒரே ஜெர்சியில் ஆடினார்கள்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது பி.டி.யாகச் சேருகிறவர்கள் மைதானத்தில் விபத்து நடந்தால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்பதுண்டு. முதலுதவி, ஆம்புலன்ஸ், வீட்டுக்குத் தகவல், பாதுகாப்புச் சாதனம், இதையெல்லாம் அவர்களே படித்திருப்பார்கள். நான் சொல்வது ஒன்றுதான். காயம் பட்டவனை ஒரு பக்கமும் காயம் ஏற்படுத்தியவனை இன்னொரு பக்கமும் ஒதுக்கி வைத்துத் தேற்றப் பார்க்காதீர்கள். வீட்டார் சம்மதித்து, அந்த இரண்டு பையன்களுக்கும் மனம் இருந்தால், நடுவில் ஒரு நல்ல வலையைக் கட்டி எதிரெதிரே நிற்க விடுங்கள். பிறகு நீங்கள் பேசாமல் ஓரமாக நின்றால் போதும்.