சிந்தசைசரில் என் மீன்கொத்திகள்

குரோம்பேட்டை வீட்டில் பெட்டியைப் பிரித்ததும் பெயிண்ட் தின்னர் நெடி அடித்தது. ஒரு கம்பெனி குறைந்த எண்ணிக்கையில் தயாரிக்கும் சிந்தசைசர் அது; கீபோர்டு போன்ற மின்னிசைக் கருவி. அதன்மேல் அச்சிட நான் வரைந்து கொடுத்த பன்னிரண்டு மீன்கொத்திகளில் இரண்டுதான் மிஞ்சியிருந்தன.

அப்பா தாம்பரம் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பார். வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஒவ்வொரு கட்டையாகக் கைக்குட்டையால் துடைப்பார். எட்டு வயதில் அதன்மேல் அம்மாவின் நெயில் பாலிஷால் மீன்கொத்தி வரைந்தேன். அப்பா தின்னர் தொட்டு அழித்தார்.

"இது சர்ச்சோடதும்மா. நம்மளது இல்ல."

அன்று நான் சாப்பிடவில்லை.

இப்போது கம்பெனி மேனேஜருக்குப் போன் செய்தேன்.

"பறவை ஜாஸ்தியா இருந்துச்சு மேடம்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்?"

"டைம் இல்ல. ஆனா உங்க பேரைப் பெருசா போட்டிருக்கோமே!"

ஒரு பொருளின்மேல் என் பெயர் அச்சாவது அதுவே முதல் முறை.

"அதையும் எடுத்துடுங்க," என்றேன்.