கொடி பிடித்த சட்டை

ஐப்பசி மழைக்காலத்தில் காயப்போட்ட சட்டையைச் செலினா அடுத்த ஆனி வரை எடுக்கவில்லை. கல்வராயன் மலையில் அந்தப் பக்கம் இதைத் தெரியாதவர்கள் கிடையாது. வெள்ளிமலை பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் அந்த வளைவு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு அவள் வீட்டுப் பந்தலைப் பார்ப்பார்கள். சிலர் அதைப் பார்க்கக்கூடாது என்றே எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

செலினா அங்கன்வாடி டீச்சர். பிறந்த ஊர் சங்கராபுரம் பக்கம். வேலை கிடைத்து மலைக்கு வந்தவள் அப்படியே தங்கிவிட்டாள். புருஷன் ஜெரினிடம் சொந்தமாக ஒரு குட்டியானை லோடு வண்டி இருந்தது. மலையில் பிடுங்கும் மரவள்ளிக்கிழங்கை மில்லுக்கு ஏற்றிப் போவான். ஒரே மகள் ஜூலியா கள்ளக்குறிச்சியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். சாலையை ஒட்டிய ஓட்டு வீடு. முன்னால் கொஞ்சம் மண் இடம். ரோஜா, செம்பருத்தி, டிசம்பர் பூ என்று எது கையில் கிடைத்தாலும் செலினா அங்கே ஊன்றி வைப்பாள்.

கிளமேட்டிஸ் என்ற அந்தப் பூங்கொடியைக் கொண்டுவந்தது ஜெரின்தான். ஏற்காட்டுக்கு ஒரு வாடகை போனவன், நர்சரி வாசலில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதாப் பூவாக மலர்ந்து கிடந்த கொடியைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தியிருக்கிறான். சாயங்காலம் தொட்டியைக் கையில் ஏந்தியபடி வண்டியிலிருந்து இறங்கியபோது அதில் பூ ஒன்றுகூட இல்லை. காய்ந்த சணல் கயிறு மாதிரி இரண்டு தண்டு, அதில் நாலைந்து இலை.

“இத்த போய் வாங்கியாந்தீங்களா? செத்த கொடி மாதிரி இருக்குது.”

“பாக்கத்தான் அப்பிடி. உள்ள உசுரு இருக்குதாம். தல வெயில்ல இருக்கணும், கால் நெழல்ல இருக்கணும்னாரு நர்சரிக்காரரு. நல்லா ஆழமா வெக்கணும்னாரு.”

ஜெரின் தோண்டிக்கொண்டே போனான். முழங்கை முங்கும் ஆழத்துக்குப் போனபோது செலினா சிரித்தாள். “பொணத்தப் பொதைக்கிற மாதிரி இன்னாத்துக்கு இவ்ளோ குழி?” என்று கேட்டாள். ஜெரினும் சிரித்தான். தண்டின் இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு, மட்கிய சாணம் போட்டு, அடியில் வெயில் படாமல் ஓடையிலிருந்து தட்டைக் கற்களைக் கொண்டுவந்து சுற்றிப் பரப்பினான். மூங்கில் வெட்டிப் பந்தல் போட்டான். பந்தல் காலிலிருந்து வீட்டுச் சன்னல் வரை ஒரு கம்பி இழுத்து, அது துணி காயப்போட ஆகும் என்றான்.

கொடி பிடித்துக்கொண்டது. அதற்குச் சுருள் கம்பி போன்ற பற்றுகள் கிடையாது. இலைக்காம்பே வளைந்து அருகில் இருப்பதைச் சுற்றிக்கொள்ளும். அங்கன்வாடியில் முதல் நாள் விட்டுப்போகும் குழந்தைகள் அம்மாவின் விரலைப் பிடிக்கும் பிடி அது. செலினா தினமும் கையலம்பின தண்ணீரைக் கல்லிடுக்கில் ஊற்றுவாள். தை மாதம் இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிடச் சொல்லியிருந்தார் நர்சரிக்காரர். மனசு கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாள். மாசியில் தளிர்த்தது. பங்குனியில் பத்துப் பதினைந்து பூ. தவக்காலத்தில் கோயிலில் சுரூபங்களை மூடும் திரைத்துணியின் அதே ஊதா. சாலையில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த வருஷம் ஐப்பசியில்தான் அது நடந்தது.

காலையில் ஜெரின் நீலக்கட்டம் போட்ட சட்டையைத் தேடினான். அதை அப்போதுதான் துவைத்துக் கம்பியில் போட்டிருந்தாள் செலினா.

“அந்தச் சட்ட காஞ்சிடுச்சா?”

“இப்பதாங்க போட்டேன். வேற போட்டுக்கினு போங்க.”

“சரி, காயட்டும். வந்து போட்டுக்கறேன்.”

மலை இறக்கத்தில் எதிரே வந்த லாரிக்கு வழிவிட ஒதுங்கியிருக்கிறான். மழையில் ஊறிக் கிடந்த சாலையோரம் வண்டியோடு சரிந்துவிட்டது. கீழே இறங்கித் தூக்கியவர்கள் அவன் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை என்று சொன்னார்கள்.

சங்கராபுரம் பக்கத்துச் சொந்த ஊரில் அடக்கம் செய்தார்கள். முப்பதாம் நாள் பூசை வரை செலினா அங்கேயே இருந்தாள். பிறகு ஜெரினின் அண்ணன் சேவியர்ராஜ் அவளைப் பஸ் ஏற்றி மலையில் கொண்டுவந்து விட்டார். வாசலில் கால் வைத்ததும் அவள் கண்ணில் பட்டது அந்தச் சட்டைதான். யாரும் அதை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மழையும் வெயிலுமாக அந்த ஒரு மாதத்தில் கொடி பந்தலிலிருந்து கம்பிக்கு இறங்கி, ஒரு கைப்பட்டியை இறுகச் சுற்றிப் பிடித்திருந்தது. இன்னொரு தண்டு சட்டையின் கீழே நுழைந்து உள்ளே எங்கேயோ போயிருந்தது.

சேவியர்ராஜ் எடுக்கப் போனார். செலினா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம் மாமா. இருக்கட்டும்.”

“இன்னாம்மா இது, நனைஞ்சி நாறிப் போயிடும்.”

“காயட்டும்னு சொல்லிட்டுப் போனாரு.”

அவர் கையை எடுத்துக்கொண்டார். திரும்பிப் போகும் பஸ்ஸில் ஏறும்போது மட்டும் ஒரு முறை பந்தலைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

மார்கழிப் பனி இறங்கியபோது கதை வேறு மாதிரி ஆயிற்று. கீழ்த்தெருக் கொளஞ்சியம்மாள் அதிகாலையில் களையெடுக்கப் போகிறவள். பனிமூட்டத்தில் பந்தல் ஓரம் ஆள் நிற்பதைப் பார்த்து, “இன்னா ஜெரினு, லோடுக்குக் கெளம்பலயா?” என்று கேட்டுவிட்டாள். கேட்டு நாலடி போன பிறகுதான் நினைவு வந்திருக்கிறது. கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். அன்று சாயங்காலமே காய்ச்சலில் படுத்தாள். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் செலினாவிடம் வந்து சாலையிலேயே நின்று பேசினாள். வாசலுக்குள் வரவில்லை.

“டீச்சர், அத்த எடுத்துடு. நான் கேட்டதுக்கு அது கையத் தூக்குச்சி.”

“காத்துதாங்க்கா. காத்துல கை ஆடும்.”

“காத்தே அடிக்கலயே டீச்சர்.”

செலினா சிரித்துச் சமாளித்தாள். ஆனால் அதுவரை வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்தவள், பிறகு உள்ளே போய்ப் புடைத்தாள். உள்ளே இருந்தாலும் சன்னல் வழியே சட்டையின் தோள் தெரிந்தது. சில நாள் அது போன முறை பார்த்ததைவிடக் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பியிருப்பது போல இருக்கும். கொடி வளர வளரத் துணியை இழுக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பார்ப்பாள். ஒருநாள் குழம்பைத் தாளித்துக்கொண்டே, “உப்பு போட்டனா, இல்லயா?” என்று சன்னல் பக்கம் கேட்டுவிட்டு, பதிலுக்காகக் கரண்டியை நிறுத்திக்கொண்டு நின்றாள். கடுகு கருகியது.

தை மாதம் கொடியை வெட்ட வேண்டும். வெட்டினால் சட்டை விழுந்துவிடும். அவள் வெட்டவில்லை. பழைய தண்டும் புதுத் தண்டும் ஒன்றோடொன்று பின்னி அடைந்துபோய்க் காற்று நுழைய வழியில்லாமல் நின்றது. முதல் வருஷம் போலப் பூக்கவில்லை. தவக்காலம் தொடங்கி இரண்டாம் வாரம் ஒரே ஒரு மொட்டு. கீழே நுழைந்த தண்டு சட்டைக்குள்ளேயே ஏறி, கழுத்துப்பட்டி வழியே வெளியே வந்திருந்தது. அதன் நுனியில் பூ விரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அகல ஊதாப்பூ.

அன்றைக்கு ஜூலியா லீவில் வந்திருந்தாள். காலையில் கதவைத் திறந்தவள் கத்தவில்லை. அப்படியே கதவைச் சாத்தி அதில் முதுகை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எடுத்துடும்மா.”

“உனுக்கு இன்னாடி செய்யுது அது? உங்கப்பா சட்டதான?”

“அப்பா சட்டதான். அதான் சொல்றேன். ஹாஸ்டல்ல இருக்கும்போது அப்பா செத்துட்டாருன்னு இருக்குது. அழுவுறேன், தூங்குறேன். இங்க வந்தா அப்பா வாசல்லயே நிக்கறாரு. உள்ள வர மாட்டேங்கறாரு. என்னால முடியலம்மா.”

மத்தியானப் பஸ்ஸில் ஜூலியா போய்விட்டாள். ஈஸ்டருக்கு வரவில்லை. பரீட்சை என்றாள். மே மாத லீவுக்குத் தியாகதுருகத்தில் சிநேகிதி வீட்டுக்குப் போனாள். போன் செய்தால், “சாப்டியாம்மா, தூங்குனியாம்மா” என்று கேட்பாள். வருகிறேன் என்று சொல்ல மாட்டாள். செலினாவும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எதை எடுக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனி மாதம், முதல் மழை விட்ட காலை, கொடியின் தலை தொங்கியிருந்தது. தண்ணீர் இல்லை என்று நினைத்து ஊற்றினாள். சாயங்காலம் இலைக்காம்பெல்லாம் கறுத்தது. மறுநாள் சட்டையைப் பிடித்திருந்த தண்டு தீயில் காட்டியது போல ஆகிவிட்டது. ஒரு தடவை போனவர் இன்னொரு தடவை போகிறார் என்றே அவளுக்குப் பட்டது.

ஜெரினின் போன் பீரோவில் இருந்தது. போலீஸ்காரர்கள் திருப்பிக் கொடுத்தபோது ஓரம் உடைந்திருந்தது. ஆனாலும் வேலை செய்தது. அவன் பேரில் இருந்த நம்பரை விட்டுவிட மனமில்லாமல் அவள் ரீசார்ஜ் செய்துகொண்டே வந்தாள். அதில் ‘ஏற்காடு பூ’ என்று ஒரு பெயர் இருந்தது. அதையே அழுத்தினாள்.

“சொல்லுங்க ஜெரின்!” என்றது அந்தப் பக்கக் குரல், பழகியவர் குரல் போல. “எங்க ஆளையே காணோம்? கொடி எப்படி இருக்குது?”

அந்த மனுஷனுக்கு ஜெரின் இன்னும் எங்கேயோ லோடு ஏற்றிக்கொண்டிருக்கிறான். அதை எப்படிக் கெடுப்பது?

“நான் அவரு சம்சாரம் பேசறேங்க. அவரு… வெளிய போயிருக்காரு. கொடி கறுத்துப் போச்சிங்க.”

நர்சரி வெங்கடேசன் விவரமாகக் கேட்டார். ஒரே ராத்திரியில் தொங்கியதா, தண்டு கறுத்ததா, தை மாதம் வெட்டினீர்களா?

“வெட்டலைங்க.”

“அதான். இது வாடல் நோய். இருக்கிறதைப் பாக்காதீங்க, தரையோட வெட்டிடுங்க. வெட்டுனதைக் குப்பையில போடாம எரிச்சிடுங்க. கையில பால் படாம பாத்துக்கங்க, கொப்புளம் கட்டும். ஆமா, எவ்வளவு ஆழத்துல வெச்சீங்க?”

“முழங்கை முங்கற அளவு. அவருதான் தோண்டுனாரு.”

“அப்ப கவலை வேணாம்மா. கீழ கணு இருக்கும். மேல செத்தாலும் அடியில இருந்து வரும். ஜெரினைப் பேசச் சொல்லுங்க.”

“சொல்றேங்க” என்றாள்.

அன்றைக்கே ஜூலியாவைக் கூப்பிட்டாள். “கொடிய வெட்டப் போறேன். தனியா முடியாது. வரியா?” என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஜூலியா இறங்கினாள். கையில் ஹாஸ்பிடல் கையுறை இரண்டு ஜோடி கொண்டுவந்திருந்தாள்.

செலினா கையுறை போடவில்லை. வேரை மூடிய கல்லை நகர்த்திவிட்டு அரிவாளால் அடியில் வெட்டினாள். பிறகு இருவருமாகச் சட்டையிலிருந்து கொடியைப் பிரிக்கப் பார்த்தார்கள். காய்ந்த பிறகும் காம்புகள் பிடியை விடவில்லை. ஒவ்வொன்றாக உடைத்தார்கள். வெயிலிலும் மழையிலும் இற்றுப்போன துணி கையோடு வந்தது. ஒரு கை தனியாக, முதுகு தனியாக. நீலக்கட்டம் வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. கடைசியாக மார்புப்பை மிஞ்சியது. செலினா அதற்குள் விரலை விட்டாள். ஒன்றுமில்லை. ஏதாவது இருக்கும் என்று இத்தனை மாதம் தான் நம்பிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழவில்லை என்று ஜூலியா பிறகு சொன்னாள்.

துணியும் கொடியும் ஒன்றாகவே எரிந்தன. புகை இருவர் கண்ணையும் கரித்தது. ஈரத்துணி எரியும் நாற்றம்தான். வேறு எந்த வாசனையும் வரவில்லை. இரண்டு நாள் கழித்துச் செலினாவின் உள்ளங்கையெல்லாம் கொப்புளம். ஜூலியா மருந்து தடவிக் கட்டுப் போட்டுவிட்டு, அம்மாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள்.

ஜூலியா கிளம்பிய மறுநாள் கொளஞ்சியம்மாள் வந்தாள். இந்த முறை வாசலுக்குள்ளேயே வந்து, வெறும் பந்தலைச் சுற்றிப் பார்த்தாள்.

“எடுத்துட்டியா டீச்சர்? எப்ப எடுத்த?”

“நாலஞ்சி நாளாச்சிக்கா.”

கொளஞ்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அப்ப இன்னிக்குக் காலைல பந்தல் கிட்ட நின்னது யாரு?”

செலினாவின் கைக்கட்டுக்குள் கொப்புளங்கள் காந்தின. அன்று காலையில் வெயில் ஏறிய பிறகுதான் அவள் கதவையே திறந்திருந்தாள்.

“நான்தாங்க்கா” என்றாள். “வேர்ல தண்ணி ஊத்திக்கினு இருந்தேன்.”

கொளஞ்சியம்மாள் நம்பினாளோ இல்லையோ, தலையாட்டிவிட்டுப் போனாள். சட்டை இருந்த வரை சட்டை என்று சொல்லிவிட முடிந்தது. இப்போது சொல்வதற்கு ஒன்றும் இல்லை. செலினா கொஞ்ச நேரம் வாசலில் நின்றாள். பயமாகத்தான் இருந்தது. அதோடு சேர்ந்து என்னவோ ஒரு நிம்மதியும் இருந்தது. அதை அவள் மகளிடம்கூடச் சொல்லவில்லை.

ஆவணியில் கல்லிடுக்கிலிருந்து இரண்டு முளை வந்தன. செம்பழுப்பு நிறம், பென்சில் கனம். பழைய பந்தலைப் பிரித்துவிட்டு, சாலையிலிருந்து தெரியாத கிழக்குச் சுவரோரம் ஜூலியா வலைக்கம்பி அடித்துக் கொடுத்தாள். மண்ணைத் தொந்தரவு செய்யாமல் முளைகளை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக் கட்டினார்கள். இப்போது மாதம் இரண்டு தடவை ஜூலியா வருகிறாள். தை பிறந்ததும் செலினா கையுறை போட்டுக்கொண்டு இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிடுகிறாள். பங்குனியில் சுவர் நிறையப் பூக்கிறது. அக்கம்பக்கத்தில் கேட்டால் தண்டை மண்ணில் பதித்து வேர்விட வைத்துக் கன்று கொடுக்கிறாள். ஆழமாக வையுங்கள் என்று சொல்லித்தான் கொடுக்கிறாள்.

சாயங்காலம் அங்கன்வாடியிலிருந்து வந்ததும் டீயை எடுத்துக்கொண்டு கிழக்குச் சுவர்ப்பக்கம் நாற்காலி போட்டு உட்காருவாள். கொடிக்கு முதுகு காட்டி மட்டும் உட்காருவதில்லை.