அறந்தாங்கியில் நான் எழுதாத பரீட்சை

பதிவாளர் ஐயா, நீங்கள் பொய் எழுதினீர்கள். கைதவறி எழுதவில்லை. தெரிந்தே எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அதற்கு 'உண்மைத்தன்மைச் சான்றிதழ்' என்று தலைப்பும் வைத்துக் கொடுத்தீர்கள். நான் பார்த்த அத்தனை காகிதங்களிலும் பெரிய பொய் அந்தத் தலைப்புக்குக் கீழேதான் இருந்தது.

உங்கள் பெயரை எழுதப்போவதில்லை. பல்கலைக்கழகத்தின் பெயரையும் எழுதப்போவதில்லை. உங்களுக்கு உங்களைத் தெரியும், அது போதும்.

நான் அப்போது வளைகுடாவில், ஜெபல் அலியில் ஒரு வேர்ஹவுஸில் இருந்தேன். விசாவில் என் வேலை 'ஹெல்பர்'. உண்மையில் ஸ்டோரே என் தலையில்தான். கன்டெய்னர் வந்தால் எண்ணி இறக்குவது, கம்ப்யூட்டரில் ஏற்றுவது, கணக்கு இடித்தால் திட்டு வாங்குவது எல்லாம் நான். ஆனால் விசாவில் ஹெல்பர் என்று இருப்பவன் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிவந்து வைத்துக்கொள்ள முடியாது. சட்டம் அப்படி. அந்த ஒரு சொல் மாற வேண்டும். மாற வேண்டுமானால் பட்டம் வேண்டும். நானோ பிளஸ் டூ.

மகள் பிறந்தபோது நான் கம்பெனியின் தொழிலாளர் கேம்பில் இருந்தேன். முதல்முறை பார்த்தபோது அவளுக்கு ஒன்பது மாதம். என்னைப் பார்த்ததும் வீடு அதிர அழுதாள். யாரோ ஒருவன் தூக்கினால் குழந்தை அழத்தான் செய்யும். அவள் பள்ளிக்கூடம் சேரும் வயதுக்குள் இருவரையும் அழைத்து வந்துவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கேம்புக்குப் பக்கத்து மளிகைக்கடையில் தமிழ்ப் பேப்பர் வாங்கினேன். முழுப் பக்க விளம்பரம். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கலாம், உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகம் இதோ ஷார்ஜாவுக்கு வந்துவிட்டது என்று போட்டிருந்தது. கீழே படம். துணைவேந்தர் ரிப்பன் வெட்டுகிறார். அவருக்கு இடப்பக்கம் கத்தரிக்கோல் எடுத்த காலித் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரிப்பவர் யார்? நீங்கள்தான் ஐயா. அந்தப் படத்தை வெட்டி வைத்திருக்கிறேன். இந்தக் கதையில் பின்னால் அது தேவைப்படும்.

படிப்பு மையம் என்பது ஒரு தையல் கடைக்கு மேல் இரண்டு அறை. வெள்ளிக்கிழமை லீவு நாளில் பாகிஸ்தான்காரர் ஒருவர் ஓட்டும் வேனில் ஜெபல் அலியிலிருந்து ஷார்ஜா போவோம். நாங்கள் என்றால் நானும் என் ரூம்காரர் பரமக்குடி அண்ணனும். அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். பிள்ளைகள் வளர்ந்தவர். எதற்கண்ணே உங்களுக்கு டிகிரி என்று கேட்டேன்.

"எம் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் வந்தா, பொண்ணு என்ன படிச்சிருக்குன்னு கேப்பான். நா திருப்பி, மாமனார் என்ன படிச்சிருக்கான்னு கேளுடாம்பேன்."

மையத்தை நடத்தியவரைக் கோஆர்டினேட்டர் சார் என்போம். ஷார்ஜா வெயிலிலும் கோட்டுப் போட்டிருப்பார். விண்ணப்பப் படிவத்தில் முகவரி என்ற கட்டத்தில் என் பேனா நின்றது.

"சார், கேம்ப் அட்ரஸ் போடவா?"

"கேம்புக்கு ஏது தம்பி அட்ரஸ்? கம்பெனி போஸ்ட் பாக்ஸ் நம்பர்தானே இருக்கும். உங்க மார்க் ஷீட்டை டைம்கீப்பர் பிரிச்சுப் பாக்கணுமா? ஊரு அட்ரஸைப் போடுங்க. வீட்ல வாங்கிப் பத்திரமா வெச்சிருப்பாங்க."

அவர் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். கேம்பில் இருப்பவன் எவனும் கேம்பை முகவரியாக எழுதமாட்டான். பத்து வருடம் ஒரே கட்டிலில் படுத்தாலும், முகவரி என்று கேட்டால் கை தானாக ஊர்ப்பெயரைத்தான் எழுதும். கம்பெனி பெட்டிக்கு வரும் கடிதம் நான்கு பேர் கை மாறித்தான் நமக்கு வரும். ஃபோர்மேனுக்குத் தெரிந்தால், "படிக்கிறியா? அப்ப ஓவர்டைம் வேணாமா?" என்பான். ஆகவே நான் ஊர் முகவரியை எழுதினேன். அண்ணன் பரமக்குடி முகவரியை எழுதினார். அன்று வந்திருந்த எல்லோரும் அவரவர் ஊரை எழுதினார்கள். என் தலையெழுத்தை நானே எழுதிக்கொடுத்தது அந்தக் கட்டத்தில்தான்.

முதல் வருடப் பரீட்சையை ஷார்ஜாவில் ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். கேள்வித்தாள் ஊரிலிருந்து கோஆர்டினேட்டரின் பெட்டியில் வந்தது. கூடவே மாங்காய் ஊறுகாயும் வந்திருக்க வேண்டும், கவரைப் பிரித்ததும் ஹால் முழுக்க வாசம். மற்றபடி பரீட்சை பரீட்சையாகத்தான் நடந்தது. காப்பி கிடையாது. திரும்பிப் பார்த்தால் அதட்டினார்கள். புள்ளியியலில் நான் பெயில். மறுபடி எழுதித்தான் தேறினேன். விலைக்கு வாங்கின பட்டத்தில் எவனாவது பெயில் ஆவானா ஐயா? இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்க் ஷீட் ஊருக்கு வந்தது. மனைவி போனில் படித்துக் காட்டினாள். மார்க்கெல்லாம் சரி. தேர்வு மையம்: அறந்தாங்கி, எங்கள் ஊருக்குப் பக்கத்து டவுன். அண்ணனுடையதில் பரமக்குடி. அவர் கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தார்.

"ஏப்பா, மை தீந்துபோச்சுன்னு ஒங்கிட்ட பேனா வாங்குனேனே, அப்ப நா பரமக்குடியில இருந்துல்ல கைய நீட்டிருக்கேன்? எம்புட்டு நீளம்டா எங்கை!"

அடுத்த வெள்ளிக்கிழமை கோஆர்டினேட்டரிடம் கேட்டோம்.

"அது டெக்னிகல் மேட்டர் தம்பி. நீங்க மார்க்கைப் பாருங்க, மையத்தை ஏன் பாக்குறீங்க?"

பார்க்காமல் விட்டோம். அந்தத் தப்பு என்னுடையது. மூன்று வருடம், மூன்று மார்க் ஷீட், மூன்றிலும் அறந்தாங்கி. நான் மூன்று முறையும் சிரித்தேன்.

பி.காம். பட்டம் வந்தது. கம்பெனியில் காட்டினேன். ஹெச்.ஆர். அம்மாள், "அட்டெஸ்டேஷன் முடித்துக் கொண்டுவா, ஸ்டோர் இன்சார்ஜ் என்று மாற்றித் தருகிறோம்" என்றாள். சென்னையில் ஒரு ஏஜென்டிடம் சான்றிதழ் போனது. நோட்டரி முத்திரை குத்தினார். அந்த நோட்டரி உண்மையான நோட்டரிதான் என்று தலைமைச் செயலகம் முத்திரை குத்தியது. அந்தச் செயலகத்துக் கையெழுத்து சரிதான் என்று டெல்லி முத்திரை குத்தியது. டெல்லியின் கையெழுத்து சரிதான் என்று தூதரகம் குத்தியது. நான் படித்தேனா என்று இவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் குத்தியவனைத்தான் சரிபார்த்தார்கள். கடைசியில் என் பட்டத்தின் முன்பக்கத்தைவிட, முத்திரை நிறைந்த பின்பக்கம் அதிகம் படித்திருந்தது.

இடையில் பல்கலைக்கழகத்திடமும் கடிதம் கேட்டார்கள். அப்போது வந்ததுதான் உங்கள் உண்மைத்தன்மைச் சான்றிதழ். 'இவர் அறந்தாங்கி மையத்தில் நேரில் தோன்றித் தேர்வுகள் எழுதித் தேர்ச்சி பெற்றார்.' உங்கள் கையெழுத்து, பச்சை மை.

கடைசிப் படி இங்குள்ள உயர்கல்வி அமைச்சகம். இந்தப் பட்டம் இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்று அவர்கள் ஒரு கடிதம் தர வேண்டும். கம்பெனிக்கு அரசாங்கக் காகித வேலை பார்க்கும் பி.ஆர்.ஓ., கேரளாக்காரர், என்னை வண்டியில் அழைத்துப் போனார். கவுன்டரில் இளம் அதிகாரி. மரியாதையாக உட்காரச் சொன்னார். எங்கே படித்தாய் என்று இங்கிலீஷில் கேட்டார்.

"இந்தியாவில்."

"பரீட்சை எழுதியது?"

பி.ஆர்.ஓ. என் முகத்தைப் பார்த்தார். சான்றிதழில் இருப்பதைச் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. "இந்தியாவில்தான்" என்றேன். பொய். என் வாயால் நான் சொன்ன ஒரே பொய் அது. அது உங்களிடமிருந்து கடன் வாங்கியது.

அவர் பாஸ்போர்ட்டைக் கேட்டார். அதை எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். வந்த முத்திரை, போன முத்திரை. பிறகு மார்க் ஷீட்டை அதன் பக்கத்தில் வைத்தார்.

"இந்த மாதம் நீ நாட்டைவிட்டு வெளியே போகவில்லை. அடுத்த வருடமும் இதே மாதம் போகவில்லை. அதற்கு அடுத்த வருடமும். உன் பரீட்சையை யார் எழுதியது?"

உண்மையைச் சொன்னேன். ஷார்ஜாவில் ஹால், வெள்ளிக்கிழமை, ஊறுகாய் வாசம், எல்லாவற்றையும் உளறினேன். அவர் உங்கள் கடிதத்தை என் பக்கம் திருப்பினார்.

"உன் பல்கலைக்கழகம் நீ அங்கே நேரில் வந்தாய் என்கிறது. நீ வரவில்லை என்கிறாய். நான் யாரை நம்புவது? கலாஸ், முடிந்தது."

நான் வாயைத் திறந்தேன். பி.ஆர்.ஓ. என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "எடோ, மிண்டாதிரி. ஒரு வார்த்தை பேசினா போலீஸ் கேஸ். வா, போகாம்." அதிகாரி சிவப்பு மையில் அரபியில் ஒரு வரி எழுதி ஃபைலைத் திருப்பித் தந்தார். அந்த மனிதரை நான் குறைசொல்லமாட்டேன். அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். அஞ்சல்வழிப் படிப்பு இங்கே செல்லாது என்றுகூட அவர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் செல்லாத பட்டம் வாங்கிய முட்டாளாகத் திரும்பியிருப்பேன். உங்கள் கடிதத்தால் ஆள் வைத்துப் பரீட்சை எழுதிய திருடனாகத் திரும்பினேன். ஒரு வாரத்தில் கேம்புக்கே தெரிந்துவிட்டது. மெஸ்ஸில் தட்டோடு வரிசையில் நின்றால், "டூப்ளிகேட் பி.காமுக்கு வழி விடுங்கப்பா" என்றார்கள்.

மனைவி போனில் கேட்டாள். "பாப்பாவுக்கு ஸ்கூல்ல அட்மிஷன் முடியப்போகுதாம். அங்கயா, இங்கயா? ஒண்ணச் சொல்லுங்க. நா எத்தன பேருக்குத்தான் பதில் சொல்றது?"

"ஒரு மாசம் பொறு. நேர்ல வந்து சரிபண்றேன்."

லீவு போட்டு வந்தேன். நேராக உங்கள் தொலைநிலைக் கல்வி அலுவலகம். கண்காணிப்பாளர் அம்மா ஒருவர் நல்லமாதிரியாகத்தான் பேசினார். நான் கேட்டது ஒரே ஒரு வரி: இவர் ஷார்ஜா மையத்தில் தேர்வு எழுதினார் என்று ஒரு திருத்தக் கடிதம்.

"ஷார்ஜாவா? அப்படி ஒரு சென்டரே எங்களுக்குக் கிடையாதே சார்."

பேப்பர் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது திறப்பு விழா சார். சென்டர் இல்ல."

"அப்ப நான் எங்கம்மா எழுதினேன்?"

"அறந்தாங்கியில." பதிவேட்டை எடுத்துவரச் சொல்லிப் பிரித்துக் காட்டினார். வருகைத் தாள். என் கையெழுத்து, என் கையெழுத்தேதான். ஷார்ஜாவில் நான் போட்டபோது தாளின் தலை காலியாக இருந்தது. இப்போது அங்கே ரப்பர் முத்திரை: அறந்தாங்கி. அடியில் 'அறை மேற்பார்வையாளர்' என்று, நான் எங்கும் பார்த்திராத ஒரு கையெழுத்து.

"எங்க எல்லை தமிழ்நாடுதான் சார். வெளிநாட்டுல எழுதினீங்கன்னு போட்டா டிகிரியே செல்லாது. உங்க நல்லதுக்குத்தான் உங்க அட்ரஸுக்குக் கிட்ட இருக்கிற சென்டரைப் போட்டிருக்கோம்."

"அங்க எழுதினேன்னா டிகிரி செல்லாது. இங்க எழுதினேன்னா நான் திருடன். நான் என்னதாம்மா சொல்றது?"

"நீங்க எதுக்கு சார் எங்க எழுதினீங்கன்னு வாயைத் திறந்து சொல்றீங்க?" பிறகு கொஞ்சம் யோசித்து, "வேணும்னா அறந்தாங்கியில எழுதலைன்னு எழுதிக் குடுங்க. டிகிரியைக் கேன்சல் பண்ணிடலாம்" என்றார்.

உங்களைப் பார்க்க வேண்டும் என்றேன். நீங்கள் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தீர்கள். எங்கே என்று கேட்டேன். சிரிக்காமல் சொன்னார்கள்: தோஹா. அங்கே ஒரு திறப்பு விழா.

லீவு முடியும் முன்பே மகளை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வந்தேன். விண்ணப்பத்தில் தந்தையின் கல்வித் தகுதி என்று ஒரு கட்டம். மனைவி பேனாவை என்னிடம் நீட்டினாள். பிளஸ் டூ என்று எழுதினேன். தந்தையின் முகவரி என்ற கட்டத்தில் முதல்முறையாக ஜெபல் அலி என்று எழுதினேன். கம்பெனி பெட்டி எண்ணோடு.

அண்ணன் தன் பட்டத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டிவிட்டார். எவனிடமும் காட்டவில்லை. அதனால் அது இன்றும் செல்லும்.

நான் உங்களுக்கு எத்தனையோ கடிதம் எழுதிவிட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. போன வெள்ளிக்கிழமை அதே மளிகைக்கடையில் பேப்பர் வாங்கினேன். அதே முழுப் பக்கம். புது மையம், புது ரிப்பன், அதே இடப்பக்கம் நீங்கள். கடையில் அதே பேப்பரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பையனிடம், "படிக்கப் போறியாப்பா?" என்று கேட்டேன். "ஆமாண்ணே, பொண்டாட்டியக் கூட்டியாரணும்" என்றான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குத் தனியாகக் கடிதம் வேண்டாம். உங்கள் கடிதம் ஒன்றே ஆயுளுக்குப் போதும். விளம்பரம் போட்ட அதே பேப்பரில், அதே முழுப் பக்கத்தில், எல்லோரும் படிக்கும்படி பதில் போடுங்கள். நான் ஷார்ஜாவில் புள்ளியியல் பெயிலாகிக்கொண்டிருந்த அன்று, அறந்தாங்கி மையத்தில் என் எண் ஒட்டிய மேசையில் உட்கார்ந்திருந்தது யார்? அங்கே மேற்பார்வையாளர் என்று கையெழுத்துப் போட்டவர் யாரைப் பார்த்துப் போட்டார்? பெயரைப் போட்டுச் சொல்லுங்கள்.