ஜங்லிகாட் அண்ணாச்சியும் காலி ஸ்நோ ஜாடிகளும்

அண்ணாச்சி போய்விட்டார். ஜங்லிகாட் ஃபேன்ஸி ஸ்டோர் சுடலைமுத்து அண்ணாச்சி. தொண்ணூற்றொரு வயது.

காலையிலிருந்து வாட்ஸ்அப் குரூப்பில் மெழுகுவத்தியும் கைகூப்பும். யாரோ அவரை "இயற்கை ஆர்வலர்" என்று எழுதியிருக்கிறார்கள். அண்ணாச்சிக்கு இயற்கைமேல் தனிப் பிரியம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது. மழை வந்தாலே திட்டுவார்.

எழுபதுகளில் நான் இந்தத் தீவின் ஃபீனிக்ஸ் பே கப்பல் அலுவலகத்தில் சரக்கு புக்கிங் கிளார்க். அந்த மனிதர் என்னை எவ்வளவு படுத்தினார் என்பதையும் யாராவது எழுதித்தானே ஆக வேண்டும்...

அப்போது முகத்தில் பூசும் ஸ்நோ கண்ணாடி ஜாடியில் வரும். காலி ஜாடியைக் கொடுத்தால்தான் அண்ணாச்சி புதிது தருவார். சேர்ந்த காலிகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கி மெட்ராஸ் கம்பெனிக்கே கப்பலில் அனுப்புவார். அவர்கள் மறுபடி நிரப்பி அனுப்புவார்கள்.

ஒருமுறை நான் கொடுத்த ஜாடியை மூக்கருகே கொண்டு போனார். "எலுமிச்சங்கா ஊறுகா வச்சியா தாயி?" கடையில் ஆறு பெண்கள் நின்றிருந்தார்கள்.

மரைன் ஹில்லில் இருந்த வீடு வரை ஏறிப் போய்க் கழுவிக்கொண்டு வந்தேன். மறுபடி முகர்ந்தார். மறுபடி ஏறினேன்.

போன மாதம் என் பேத்தி ஆன்லைனில் ஒரு கிரீம் வாங்கினாள். ரீஃபில் செய்யலாமாம், பூமியைக் காக்குமாம், மேலே ஓர் இலைப் படம். மூன்று சுற்று பிளாஸ்டிக்கில் வந்து சேர்ந்தது. புதுக் கண்டுபிடிப்பு என்றாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிறகு பிளாஸ்டிக் ஜாடி வந்தது. இனி காலிகளை அனுப்ப வேண்டாம், உபயோகித்துவிட்டு எறிந்துவிடலாம் என்று கம்பெனி கடிதம் போட்டது. ஊரே மகிழ்ந்தது. நானும்தான். இனி முகர்ந்து பார்க்க ஆள் கிடையாது அல்லவா.

அண்ணாச்சி மட்டும் வழக்கம்போலக் காலியைக் கேட்டு வாங்கினார். பெட்டி நிறைந்ததும் என் கவுண்டருக்குக் கொண்டு வந்தார்.

உள்ளே என்ன? காலி பிளாஸ்டிக் ஜாடி. மதிப்பு? கண்ணாடிக்குக் கம்பெனி ஒரு மதிப்பு வைத்திருந்தது. இதற்கு ஒன்றுமில்லை என்று அவர்களே எழுதிவிட்டார்கள். புக்கிங் படிவத்தில் மதிப்புக் கட்டம் நிரம்பாமல் சரக்கு ஏறாது.

எங்கள் ஹெட் கிளார்க் பெரிய பாபுவிடம் கேட்டேன். "காலி மால்? வாபஸ் கர் தோ." ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பெட்டியை அண்ணாச்சியிடமே திருப்பிக் கொடு என்கிறார்.

"அதத்தான தாயி நானும் சொல்லுதேன். வாபஸ். கம்பெனிக்கு."

கம்பெனிக்காரனே எறியச் சொல்லிவிட்டானே என்றேன்.

"எங்க எறிய? இந்தத் தீவுல எங்க நின்னு எறிஞ்சாலும் நம்ம காலடியிலதான விழும். கப்பல்ல வந்தது கப்பல்ல போவட்டும்."

வரிசையில் பின்னால் இருந்தவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். மதிப்பு ஒரு ரூபாய் என்று எழுதினேன். என் சர்வீஸில் அரசாங்கத்திடம் நான் சொன்ன முதல் பொய்.

அடுத்த கப்பலில் பெட்டி திரும்பி வந்தது. அண்ணாச்சி மறுபடி அனுப்பினார். மறுபடி வந்தது. அந்தப் பெட்டி பார்த்த அளவுக்கு நான் மெட்ராஸைப் பார்த்ததில்லை.

மூன்றாம் முறை திரும்பியபோது கூடவே ஒரு கடிதம். இன்னொரு தரம் அனுப்பினால் ஏஜென்சி ரத்து. கடை ஓடியதே அந்தக் கம்பெனியின் ஸ்நோவிலும் பவுடரிலும்தான். வீட்டில் மூன்று பிள்ளைகள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஜெட்டிக்குப் பின்னால கடல்ல கொட்டிட்டுப் போங்க அண்ணாச்சி. எல்லாரும் அதத்தான் செய்றாங்க. பிள்ளைங்க சோத்தப் பாருங்க."

"நீ ஒண்ணு எறிஞ்சு காட்டு."

எறிந்தேன். படித்த பெண், அரசு ஊழியர், மதியச் சாப்பாட்டு வேளை.

அது போகவில்லை. அலையோடு போய் அலையோடு வந்து நான்கு நாள் என் அலுவலக ஜன்னலுக்குக் கீழேயே மிதந்தது. மூடியை நன்றாக இறுக்கித்தான் எறிந்திருக்கிறேன்.

அண்ணாச்சி பெட்டியை நான்காம் முறையாக புக் செய்தார். நானும் ஒரு ரூபாய் என்று எழுதினேன்.

பெட்டி திரும்பி வந்தது. ஏஜென்சி எதிர்க்கடைக்குப் போனது.

அதன்பிறகு வளையல், ரிப்பன், சாந்து, அளந்து ஊற்றுகிற தேங்காய் எண்ணெய்... பாட்டில் நாம்தான் கொண்டு போக வேண்டும். அதை வைத்துத்தான் குடும்பம். மூத்த பெண்ணின் படிப்பு பாதியில் நின்றது.

நான் ஸ்நோவை எதிர்க்கடையில் வாங்கினேன். வெயிலோ மழையோ, குடையை அவர் கடைப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு.

இன்று துக்கம் விசாரிக்கப் போனேன். சின்ன மகன் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய்க் காட்டினான். அதே பெட்டி. அந்தக் கம்பெனியை மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது. ஜாடிகளில் பெயர்கூட அழியவில்லை.

"இத என்ன செய்ய அக்கா? அப்பா கடைசிவர எறிய விடல. இப்ப முனிசிபல் ஆபீஸ்ல கேட்டா, இங்க போட எடமில்ல, மெயின்லாந்துக்குத்தான் அனுப்பணும்ங்காங்க."

மதிப்பு எவ்வளவு போடச் சொன்னார்கள் என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை.

ஒரு ஜாடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். கழுவித்தான் வைத்திருக்கிறார்.

போய் வாருங்கள் அண்ணாச்சி. பெட்டியை இந்தக் கப்பலில் ஏற்றிவிடுகிறேன்.