சீனி மடித்த காகிதம்

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை மேஜையில் சிறுவர்களுக்கான அறிவியல் மாத இதழ் நாலைந்து எப்போதும் கிடக்கும். சாதிச் சான்றிதழையும் மார்க் ஷீட்டையும் நகலெடுக்க வருகிறவர்கள் காத்து நிற்கும்போது, கூட வந்த பிள்ளை அதை எடுத்துப் புரட்டும். உடனே கேள்வி வந்துவிடும்.

"யக்கா, இதைப் படிச்சா நீட்டுக்கு மார்க்கு வருமா?"

வராது என்றுதான் சொல்வேன். ஒரு மார்க்குகூட வராது. "பொறவு என்னத்துக்கு?" என்று பிள்ளை கையிலிருந்து பிடுங்கி மேஜையில் போடுவார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். எடுத்து மறுபடியும் பிள்ளை கையிலேயே கொடுப்பேன். என் கடை, என் புத்தகம், யார் என்னைக் கேட்பது? என்னத்துக்கு என்று எனக்குத் தெரியும். நின்று கேட்க அவர்களுக்கு நேரமில்லை, அதனால் எழுதுகிறேன்.

சின்ன வயதில் இந்த இதழுக்குச் சந்தா அண்ணன் பெயரில்தான் கட்டினார்கள். சுரண்டையில் அப்பாவுக்குக் காய்கறிக் கமிஷன் கடை. பையனை இன்ஜினியர் ஆக்க இதுதான் வழி என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மாதா மாதம் அண்ணன் பெயர் ஒட்டி இதழ் வரும். அவன் அட்டையைக்கூடத் திருப்ப மாட்டான், மட்டையைத் தூக்கிக்கொண்டு கிரிக்கெட்டுக்குப் போய்விடுவான். நான்தான் முதல் வரியிலிருந்து அச்சகத்து முகவரி வரை ஒன்று விடாமல் படிப்பேன். "பொட்டப்பிள்ளைக்கு அது எதுக்கு?" என்று அப்பா ஒருநாள் கேட்டார். "பல்லி ஏன் மோட்டுல இருந்து கீழ விழல, சொல்லுங்க பாப்போம்" என்றேன். அவருக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது வந்த ஓர் இதழில் நடுப்பக்கம் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. அச்சகத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். முகர்ந்து பார்த்தால் சோற்று வாடை. அம்மாவின் வேலை! பருக்கையை நசுக்கித் தடவி ஒட்டிவிட்டாள். நான் விடுவேனா? உலை கொதிக்கும்போது ஆவியில் காட்டி மெதுவாகப் பிரித்தேன். வயிற்றுக்குள் பிள்ளை வாரம் வாரமாக எப்படி வளர்கிறது என்று படம் போட்டிருந்தது. இதற்கா இந்தப் பாடு என்று இருந்தது. ஒட்டாமல் விட்டிருந்தால் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போயிருப்பேன். ஒட்டியதால் பத்துத் தடவை படித்தேன்.

கல்யாணமாகிக் குற்றாலத்துக்கு வந்தேன். அதற்குள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், அதனால் பிள்ளைப்பேறும் மாமியார் வீட்டில்தான் என்று முடிவாயிற்று. எட்டாம் மாசம் நடக்கும்போது சூரிய கிரகணம் வந்தது. மார்கழி மாதம், அருவிக்கரை முழுக்க ஐயப்பசாமிமார் கூட்டம். மாமியார் முந்தின நாளே சட்டம் போட்டுவிட்டார்கள். வெளியே வரக்கூடாது, கத்தி தொடக்கூடாது, ஒரு வாய் தண்ணீர்கூடக் கூடாது. ஜன்னலில் பழைய வேட்டியைத் தொங்கவிட்டார்கள்.

அவர்கள் குளிக்கப் போன நேரம் பார்த்து, பூந்திக்கரண்டியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக முற்றத்துக்குப் போனேன். சூரியனை நேராகப் பார்க்காதே, ஓட்டை வழியாகத் தரையில் விழும் வெளிச்சத்தைப் பார் என்று அந்த இதழில்தான் படித்திருந்தேன். கரண்டியைத் தூக்கிப் பிடித்தேன். சிமெண்டுத் தரையில் ஓட்டைக்கு ஒன்றாகக் குட்டிக் குட்டிப் பிறைகள். முருங்கை மர நிழலுக்குள்ளும் அதே பிறைகள். அடேயப்பா! வயிற்றுச் சேலையிலும் நாலைந்து விழுந்தன. சந்தோஷம் தாங்காமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஜன்னலைத் திறந்து அலறினாள்.

"ஏட்டி, உள்ள போட்டி! நான் பட்டது போதாதா? ஒரு கத்திரிக்கா அரிஞ்சதுக்கு நாப்பது வருஷமா அனுபவிக்கேன்!"

அவள் கதை தெருவுக்கே தெரியும். ஒரே மகன், பிளந்த உதட்டோடு பிறந்தவன். அவன் வயிற்றில் இருந்தபோது கிரகண நேரத்தில் அவள் கத்திரிக்காய் அரிந்தாளாம். புருஷன் சாகும்வரை குடித்தாலும் குடிக்காவிட்டாலும் ஒரே பாட்டுத்தான்: "எம் பிள்ள வாயக் கிழிச்சவ." மகன் இப்போது துபாயில், முறுக்கு மீசை வைத்து மறைத்துக்கொண்டு வேலை பார்க்கிறான். பெரியம்மா போட்ட கூச்சலில் மாமியார் ஈரச்சேலையோடு ஓடிவந்து என்னை உள்ளே இழுத்துப்போனார்கள்.

தை முடிவதற்குள் தென்காசி ஆஸ்பத்திரியில் எனக்குப் பெண் பிறந்தது. மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது.

மாமியார் பிள்ளையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். "கரண்டிய தூக்கிட்டுப் போயி எம் பேத்தி வாயக் கிழிச்சிட்டியேட்டி, பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எடை கூடியதும் தைத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. "அவிய அப்படித்தான் சொல்லுவாவ" என்று மாமியார் தள்ளிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அம்மா சொன்னத ஒரு நாள் கேட்டா என்ன கொறஞ்சு போயிருக்கும்?" என்றார். பொய் சொல்லக்கூடாது, நானும் ஆடிப்போனேன். நான்தான் கிழித்தேனோ? இரண்டு நாள் பிள்ளை முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, அம்மா பக்கத்த ஒட்டி வச்ச புஸ்தகம் ஒண்ணு உண்டும். அது எனக்கு வேணும்." கமிஷன் கடைப் பரணில் சாக்குக் கட்டுகளுக்குப் பின்னால் எல்லா இதழ்களும் கிடந்தன. மறுநாள் அவனே கொண்டுவந்தான். வரும் வழியில் பஸ்ஸிலேயே படித்திருக்கிறான்.

"ஏட்டி, இதெல்லாமா இதுல இருந்துது? எம் பேர்லலா வந்துது!"

சோற்றுப் பசை காய்ந்து மஞ்சளாகியிருந்த பக்கத்தைத் திருப்பினேன். நினைவு சரிதான். ஆறாவது, ஏழாவது வாரத்திலேயே மேலுதடு கூடிவிடுகிறது. சில பிள்ளைகளுக்குக் கூடாமல் நின்றுவிடும், அது தாய் செய்த குற்றமில்லை. கிரகணம் வந்ததோ எட்டாம் மாசம்! அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, அழுது முடித்ததும் கோபம் வந்தது. பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன்.

பிள்ளையோடு வீட்டுக்கு வந்தோம். பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்குச் சீனி கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளைப்பேற்றுக்காகப் பூட்டிப் போட்டிருந்த என் ஜெராக்ஸ் கடைக்கு அண்ணனைச் சாவியோடு அனுப்பி, அந்தப் பக்கத்தை நூறு நகல் எடுத்துவரச் சொன்னேன். உதடு கூடும் வாரத்தைச் சொன்ன வரிக்கு அடியில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, 'எனக்குக் கிரகணம் எட்டாம் மாசம்' என்று எழுதினேன். ஒவ்வொரு தாளிலும் எழுதினேன், கை கடுத்துப்போயிற்று. சீனியை அதிலேயே மடித்துப் பொட்டலம் கட்டித் தாம்பாளத்தில் அடுக்கினேன். மாமியாருக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது. வந்தவர்களுக்கெல்லாம் அவர்களே கைநிறைய எடுத்துக் கொடுத்தார்கள். முகத்துக்கு நேரே உச்சுக்கொட்டிவிட்டுப் போனவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒன்று மடியில் கட்டிக்கொண்டு போனார்கள்.

மூன்று நாள்தான் தாங்கியது. சொந்தக்காரி ஒருத்தி காகிதத்தோடு வந்து வாசித்துக் காட்டிவிட்டாள்.

"ஊரெல்லாம் பொட்டலம் கட்டிக் குடுத்து மானத்த வாங்கிட்டியேட்டி!"

"மானம் எங்கயும் போவல அத்த. சீனிதான் போயிருக்கு."

அப்படி ஒரு பதிலை அந்த வீட்டில் யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. மாமியார் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தட்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்தாள். கையில் அந்தக் காகிதம், மடிப்பில் இன்னும் சீனி ஒட்டியிருந்தது. மாமியாரைத் தாண்டி நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏழாவது வாரம்னு போட்டிருக்கு. நெசந்தானா?"

"நெசந்தான் பெரியம்மா."

விரல் விட்டு எண்ணினாள். "ரெண்டு மாசங்கூட ஆவல."

"ஆமா."

"நான் கத்திரிக்கா அரிஞ்சது ஒம்பதாம் மாசம்லா."

அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் மகளின் உதட்டை ஒரு விரலால் தொட்டாள். தாடை மட்டும் இறுகிக்கொண்டே வந்தது.

"இதுல இன்னொண்ணு குடு."

"மகனுக்கு அனுப்பவா?"

"அவனுக்கு நீ போன்ல அனுப்பு. இத எங்க வீட்டுக்காரவிய போட்டோவுக்கு நேர் எதிர்ச்சொவத்துல ஒட்டப் போறேன். முழிச்சுப் பாத்துக்கிட்டே இருக்கட்டும்."

ஒரு நகல் கொடுத்தேன். வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள். "ஏட்டி, ஒட்டுததுக்கு நாலு சோத்துப் பருக்க இருந்தா குடேன்."

நான் பிள்ளையைக் கீழே கிடத்துவதற்குள், மூன்று நாளாகப் பேசாத என் மாமியார் எழுந்து அடுக்களைக்குப் போய், பானையிலிருந்து ஒரு கை சோறு அள்ளிக்கொண்டு வந்து அவள் கையில் வைத்தார்கள்.