காளிராஜின் பஞ்சு டவுசர்

பழுதான மோட்டார்களுக்குக் காயில் கட்டும் காளிராஜுக்கு நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. சர்க்கரை எட்டிப் பார்த்ததும் டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது அவருக்கு அலுப்பு. கியர் சைக்கிள் வாங்கிவிட்டார். பேண்ட், கட்டம் போட்ட சட்டை, கடைக்குப் போகிற அதே செருப்பு. கோவில்பட்டியிலிருந்து ஞாயிறுதோறும் கிளம்பும் சைக்கிள் கூட்டத்தில் அவர் மட்டும் கரண்ட் பில் கட்ட வந்தவரைப்போல இருப்பார்.

நாகலாபுரம் போய்த் திரும்புவது அந்தக் கூட்டத்தின் பெரிய சவாரி. போன தடவை பேண்ட்டின் நடுத்தையல் உரசி உரசித் தொடைத்தோலை எடுத்துவிட்டது. எட்டயபுரத்தோடு சரி. சைக்கிளும் அவரும் ஒரு லோடு ஆட்டோவில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ஊர் வந்தார்கள். உட்காரவும் முடியாமல் நின்றபடியே வந்தவரை ஓட்டுக் கேட்டு வருகிறவர் என்று நினைத்து ஒருவர் கும்பிட்டும் விட்டார்.

இந்த முறை போகவர முழுக்க மிதித்துவிட வேண்டும். மனசில் அது ஒன்றுதான்.

"ஆசை இருந்தா பத்தாது அண்ணாச்சி, பஞ்சு வேணும்" என்றான் சதீஷ்குமார். பேங்கில் வேலை. தலையிலிருந்து கால்வரை சைக்கிளுக்கென்றே தைத்த உடுப்பு போடுகிறவன்.

உள்ளே பஞ்சு வைத்த கறுப்பு டவுசர் வந்தது. காளிராஜ் போட்டுப் பார்க்க, மனைவி உமாதேவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏங்க, இது டவுசரா? இல்ல, பெயின்ட் அடிச்சிருக்கீங்களா?"

"உள்ள மெத்தை இருக்குட்டி."

"மெத்தையோ தலகாணியோ, இதோட நாகலாபுரத்துல எங்க அப்பா முன்னால போயி நின்னுராதீங்க."

"உங்க ஊருக்குள்ள எதுக்குப் போறேன்? எல்லையத் தொட்டுட்டுத் திரும்பிருவேன்."

தை மாத ஞாயிறு. தெருவைத் தாண்டும்வரை டவுசருக்கு மேலே கைலி. பைபாஸ் வந்ததும் அது பைக்குள் போனது. அப்புறம், உட்கார்ந்திருக்கிறோம் என்பதே மறந்துபோயிற்று. ரோட்டில் பாதியை அடைத்து உளுந்து காயப்போட்டிருந்தார்கள். அறுத்த காட்டில் கரிசல் வெடித்துக் கிடந்தது. ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் வெயில் கொஞ்சம் இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நாகலாபுரம் எல்லையில் ஒரு டீக்கடை. கடை வாசலில் மாமனார் ராமசுப்பு.

அந்தப் பக்கத்தில் கைலியையோ வேட்டியையோ மடித்துக் கட்டியிருப்பவர்கள் பெரியவர்களைக் கண்டால் மடிப்பைக் கீழே இறக்கிவிடுவார்கள். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். காளிராஜின் கையும் போனது. அங்கே மடிப்பில்லை. கை அதை ஒத்துக்கொள்ளவில்லை. டவுசரின் விளிம்பைப் பிடித்து முழங்காலுக்குக் கீழே இழுத்தது. விட்டதும் 'டப்'பென்று மேலே ஏறியது. மறுபடி இழுத்தார். மறுபடியும் 'டப்'.

ராமசுப்பு பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"விடுங்க மாப்ளே. அது எறங்காது போல."

சதீஷ்குமாருக்கு டீ மூக்கில் ஏறியது. மாப்பிள்ளையை டீக்கடையோடு அனுப்புகிற மாமனார் உண்டா? "வீட்டுக்கு வாங்க" என்றார் ராமசுப்பு. "நாங்க எட்டயபுரத்துல நிக்குதோம் அண்ணாச்சி" என்று மற்றவர்கள் நழுவிவிட்டார்கள்.

பையிலிருந்து கைலி வெளியே வந்தது. அதைக் கட்டி உட்கார்ந்ததும் காளிராஜ் மறுபடி மருமகனாகிவிட்டார். இட்லியும் கோழிக்குழம்பும் வந்துகொண்டே இருந்தன.

"வெயில் ஏறிட்டு. சைக்கிளை வண்டில ஏத்தச் சொல்லுங்க. மாமா கொண்டாந்து விடுவாவ" என்றார் மாமியார் மீனாட்சியம்மாள். ராமசுப்பு அதற்குள் லோடு வண்டிச் சாவியை எடுத்துவிட்டார்.

ஃபேன் காற்று சுகமாக இருந்தது. கைலியோடு மிதித்தால் செயினில் மாட்டும். மிதிப்பதென்றால் இந்த வாசலில், எதிர்வீடு பக்கத்துவீடு பார்க்க, அவிழ்த்தாக வேண்டும். சரி என்று சொல்ல வாயெடுத்தார். வெங்காய வாசம் வந்ததுபோல் இருந்தது.

"இல்ல மாமா. மிதிச்சே போறேன்."

வாசலுக்கு வந்து கைலியை அவிழ்த்து மடித்தார். மீனாட்சியம்மாள் அடுப்பில் ஏதோ தீய்ந்ததுபோல உள்ளே ஓடினார். எதிர்வீட்டில் முறம் நின்றுபோனது. சந்தையில் மாடு பார்ப்பதுபோல ராமசுப்பு மருமகனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"பஞ்சு எங்கன இருக்கு மாப்ளே?"

"உக்காருத எடத்துல மாமா."

"டிராக்டர் சீட்டுக்கு ஆகுமா?"

"நல்லா ஆகும்."

"வேட்டிக்குள்ள போட்டா வெளிய தெரியாதுல்லா?"

"தெரியாது மாமா."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்ப எனக்கும் ஒண்ணு. உங்க அத்தைக்குத் தெரியாண்டாம்."

"காதுல விழுந்துட்டு!" என்றது அடுப்படி.

காளிராஜ் ஏறி மிதித்தார். தெருக்கோடிவரை சிரிப்புச் சத்தம் கூட வந்தது, அப்புறம் எதிர்காற்று.

எட்டயபுரத்தில் புளியமர நிழலில் படுத்திருந்த சதீஷ்குமார், லோடு வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கி உள்ளே பார்த்தான். எந்த வண்டியிலும் அண்ணாச்சி இல்லை. மணிச்சத்தம் கேட்டுத் திரும்பியபோது அவர் அவனைத் தாண்டி, நிற்காமல், கோவில்பட்டி ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்.